கரும்புக்குத் தகப்பன் நாணல்

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யில் ரயில் வரும் காட்சியை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, குழந்தைகளுக்கும் ரயிலுக்கும் நடுவே ஆளுயரம் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கும் புல்லும் நினைவிருக்கும். வங்காளத்தில் அதைக் காஷ் என்கிறார்கள். நம்மூரில் நாணல் என்போம். பேய்க்கரும்பு என்று சொல்வதும் உண்டு. ஆற்றுப்படுகை, ரயில்பாதை ஓரம், தரிசு என எங்கும் முளைக்கும். இளசாக இருந்தால் மாடு கடிக்கும், முற்றினால் கூரை வேயலாம். மற்றபடி உழவர் கண்ணுக்கு அது களை. மண்ணுக்கடியில் ஓடும் தண்டில் ஒரு துண்டு மிஞ்சினாலும் அடுத்த மழைக்குத் திரும்ப வந்துவிடும். கடித்துப் பார்த்தால் இனிப்பு என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது.

உலகில் இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 190 கோடி டன் கரும்பு விளைகிறது. எடைக் கணக்கில் இதற்கு மேல் விளையும் பயிர் வேறு கிடையாது. அந்தக் கரும்பில் ஏறக்குறைய எல்லாமே இந்த நாணலின் வாரிசுகள்தான்.

தாவரவியலை அறிமுகப்படுத்த வருகிறவர்கள் வழக்கமாகச் செடிகொடிகளின் உபகாரங்களை அடுக்குவார்கள்: மூச்சுக்காற்று, சோறு, மருந்து, துணி, மரம். அடுக்குவதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்த மருமகளை, அவள் கொண்டுவந்த சீரை எண்ணிக்காட்டி ஊருக்கு அறிமுகம் செய்வது போலத்தான் அது. 'இதனால் நமக்கு என்ன பயன்' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் நாணலை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். கரும்பு இன்றைய கரும்பாக ஆகியிருக்காது. ஒரு செடியை அதன் போக்கில் முழுதாகத் தெரிந்துகொள்ளப் புறப்பட்டால் தாவரவியலின் கிளைகள் பெரும்பாலும் வழியிலேயே எதிர்ப்படும். அதற்குக் கரும்பு வாகான செடி.

முதலில் அதன் உடம்பு. கரும்பு ஒரு புல். கணுவும் இடைக்கணுவுமாக வளரும் தண்டு, கணுவை உறைபோலச் சுற்றிக்கொள்ளும் இலையடி, நெடுக இணையாக ஓடும் நரம்புகள், ஆணிவேர் இல்லாத சல்லிவேர்க் கொத்து ஆகிய இந்த அடையாளங்கள் நெல்லுக்கும் மூங்கிலுக்கும் அருகம்புல்லுக்கும் பொதுவானவை. பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட குடும்பம் இது. மனிதர்கள் செடிகளிலிருந்து பெறும் உணவாற்றலில் பாதிக்கு மேல் நெல், கோதுமை, மக்காச்சோளம் என்ற மூன்று புற்களிலிருந்தே வருகிறது.

வேம்பையும் கரும்பையும் குறுக்கே அறுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு முக்கியமான வேறுபாடு தெரியும். வேம்பில் பட்டைக்கு உட்புறம் வளையமாக ஒரு வளர்திசு இருக்கிறது. அது உள்பக்கம் புதுக் கட்டையை அடுக்கிக்கொண்டே போவதால் மரம் பருக்கிறது. பழைய கட்டை நடுவில் இறுகி வைரம் பாய்கிறது. கரும்புக்கு அந்த வளையம் கிடையாது. நீரும் உணவும் ஓடும் குழாய்க்கற்றைகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன, தோலை நெருங்க நெருங்க நெருக்கமாகின்றன. அதனால்தான் கரும்பின் மேல்தோல் பல்லைப் பெயர்க்கிறது, உள்சதை மெதுவாக இருக்கிறது. தென்னை, பனை, மூங்கில் எல்லாவற்றுக்கும் இதே கட்டுமானம்தான். தொல்காப்பியத்தின் மரபியல், வெளியே வயிரம் கொண்டவற்றைப் புல் என்றும் உள்ளே வயிரம் கொண்டவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனையும் புல்தான். இதை வைத்து, புல், பனை முதலான ஒருவித்திலைத் தாவரங்களை நாம் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டோம் என்று மேடையில் முழங்குபவர்கள் உண்டு. அது வேண்டாத வேலை. அங்கே வித்திலைகளை யாரும் எண்ணவில்லை. பனையையும் வேம்பையும் வெட்டிப் புழங்கியவர்கள் கைக்குத் தட்டுப்பட்ட வேறுபாட்டைக் கொண்டு உலகத்துச் செடிகளை இரண்டாகப் பிரித்தார்கள். வகைப்பாடு என்ற துறை உலகெங்கும் இப்படித்தான் தொடங்கியது. அந்தப் பெருமையே போதும்.

அடுத்தது இலை. 17ஆம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரத்து வான் ஹெல்மோன்ட், உலர்த்தி நிறுத்த 200 பவுண்டு மண்ணைத் தொட்டியில் இட்டு, அதில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோக் கன்றை நட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றி வந்தார். ஐந்து ஆண்டுக்குப் பிறகு மரத்தின் எடை 169 பவுண்டு. மண்ணில் குறைந்ததோ சில அவுன்ஸ். மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். முடிவு தவறு, ஆனால் மண்தான் மரமாகிறது என்ற பழைய நம்பிக்கையை அந்தத் தராசு முறித்துப் போட்டது. காற்றிலிருந்தும் எடை வரக்கூடும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. 1779இல் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர், பச்சை இலைகள் வெளிச்சத்தில் மட்டுமே காற்றைத் தூய்மையாக்குகின்றன என்று காட்டிய பிறகுதான் விஷயம் பிடிபடத் தொடங்கியது. வெயிலின் துணையோடு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடையும் வேர் தரும் தண்ணீரையும் சேர்த்து இலை சர்க்கரை செய்கிறது. சர்க்கரை ஆலை வயலில்தான் இருக்கிறது. ஆலை என்று பெயர் சொல்லிக்கொள்ளும் இடத்தில் நடப்பது பிழிதலும் காய்ச்சுதலும் மட்டுமே.

இந்தச் சமையலின் அளவைச் சொல்ல ஒரு கணக்கு உதவும். உலகத்து உயிர்கள் அனைத்தின் உடம்பிலும் உள்ள கார்பனை மதிப்பிட்ட ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. மொத்தம் ஏறத்தாழ 55,000 கோடி டன். அதில் செடிகொடிகள் 45,000 கோடி டன். மனிதர்கள் எல்லோரும் சேர்ந்து 6 கோடி டன். மிச்சத்தில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். வானத்திலிருந்து பார்க்கிற ஒருவருக்கு இந்த உலகம் செடிகளுடையது. நாம் இடையில் ஒட்டிக்கொண்டவர்கள்.

கரும்பின் இலைக்குள் இன்னொரு கதை இருக்கிறது. ஒளிச்சேர்க்கையின் வேதிப்பாதையைக் கண்டறிந்ததற்காக மெல்வின் கால்வினுக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. செடி பிடிக்கும் கார்பன் முதலில் மூன்று கார்பன் கொண்ட ஒரு பொருளில் போய்ச் சேர்கிறது என்பது அந்தப் பாதையின் தொடக்கம். ஆனால் ஹவாய்த் தீவின் கரும்பு ஆய்வுக்கூடத்தில் ஹியூகோ கோர்ட்ஷாக் என்பவருக்கு வேறு விடை வந்துகொண்டிருந்தது. கதிரியக்கக் கார்பனைக் கரும்பிலைக்குக் கொடுத்தால் அது முதலில் நான்கு கார்பன் கொண்ட அமிலங்களில் தென்பட்டது. அதைப் படித்துவிட்டு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஹேட்ச், ஸ்லாக் என்ற இருவர் பாதையைத் துலக்கி 1966இல் எழுதினார்கள். இன்று அதற்கு சி-4 என்று பெயர்.

அதன் பயன் வெயில் காலத்தில் தெரியும். கார்பனைப் பிடித்துச் சர்க்கரைப் பாதையில் சேர்க்கும் ருபிஸ்கோ என்ற நொதி, கார்பன் டை ஆக்சைடு என்று நினைத்து அடிக்கடி ஆக்சிஜனைப் பிடித்துவிடும். சூடு ஏற ஏறத் தவறு கூடும். நெல்லும் கோதுமையும் தாங்கள் சேர்த்ததில் கணிசமான பங்கை இப்படி இழக்கின்றன. கரும்பு இந்த வேலையை இரண்டு வகை உயிரணுக்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. இலையின் வெளிப்பகுதி உயிரணுக்கள் தவறு செய்யாத வேறொரு நொதியைக் கொண்டு கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து, நான்கு கார்பன் அமிலமாக்கி, நரம்பைச் சுற்றியுள்ள உயிரணுக்களுக்கு அனுப்புகின்றன. அங்கே அது மறுபடி வெளிவரும்போது ருபிஸ்கோவைச் சுற்றிக் கார்பன் டை ஆக்சைடு நிறைந்திருக்கும். ஆக்சிஜனைப் பிடிக்க வாய்ப்புக் குறைவு. தண்ணீர்ச் செலவும் குறைவு. கம்பு, கேழ்வரகு, சோளம், மக்காச்சோளம், தினை, முளைக்கீரை எல்லாம் இதே வழிக்காரர்கள். வயல் வரப்பில் எதற்கும் அசையாத அருகும் கோரையும் அப்படியே. பூக்கும் தாவர இனங்களில் சுமார் 3 விழுக்காடுதான் சி-4. நிலத்தில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவற்றுடையது. மானாவாரிக்குக் கம்பையும் சோளத்தையும் தேர்ந்தெடுத்த நம் உழவர்கள் நொதியைப் பார்த்ததில்லை. எந்தச் செடி சித்திரை வெயிலில் வாடாமல் நிற்கிறது என்பதைப் பார்த்தார்கள்.

நாணலும் சி-4தான். இலையில் சர்க்கரை செய்வதில் அது கரும்புக்குக் குறைந்ததில்லை. செய்ததை எங்கே வைக்கிறது என்பதில்தான் வேறுபாடு. நாணல் அதை நாராகவும் நிலத்தடித் தண்டாகவும் மாற்றிவிடுகிறது. கரும்பு தண்டிலேயே சர்க்கரையாகத் தேக்குகிறது. நல்ல கரும்பின் எடையில் ஏழில் ஒரு பங்கு சர்க்கரை இருப்பது சாதாரணம். காட்டில் வாழ வேண்டிய செடிக்கு அது ஊதாரித்தனம். நியூகினித் தீவின் பழங்குடிகள் இனிப்பான தண்டுகளையே திரும்பத் திரும்ப நட்டு வளர்த்ததில் உருவான பழக்கம் அது. அங்கிருந்து கை மாறி மாறிக் கரும்பு ஆசியாவுக்கு வந்தது. அதியமானின் முன்னோர் இந்த நாட்டுக்குக் கரும்பைக் கொண்டுவந்ததாகப் புறநானூறு சொல்கிறது. எந்த ஊரிலிருந்து என்ற விவரம் இல்லாவிட்டாலும், கரும்பு வெளியிலிருந்து வந்தது என்ற நினைவு புலவருக்கு இருந்திருக்கிறது.

கரும்பு பயிரிடுகிறவர்கள் விதை போடுவதில்லை. பருவுள்ள கரணையை நட்டால் தாய்க்கரும்பின் அச்சு அப்படியே முளைக்கும். வெட்டிய பிறகு கட்டையிலிருந்து மறுதாம்பும் வரும். இனிப்பு மாறாமல் இருக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆபத்தும் இதில்தான். ஒரு வட்டாரத்தின் வயல்கள் எல்லாம் ஒரே செடியின் துண்டுகள் என்றால், ஒரு செடியைச் சாய்க்கும் நோய் எல்லாவற்றையும் சாய்க்கும். 1880களில் ஜாவாவில் செரே என்ற நோய் வந்தபோது இதுதான் நடந்தது. கரும்புக்கு முளைக்கும் விதை உண்டா என்பதே அப்போது சந்தேகமாக இருந்தது. 1888 வாக்கில் ஜாவாவிலும் பார்படோசிலும் தனித்தனியே அது உறுதியானது. கரும்பின் பூங்கொத்தில் ஆயிரக்கணக்கான சிறு பூக்கள். விதை தூசு போல இருக்கும், பட்டுப் போன்ற மயிரோடு பறந்துவிடும். தேடிப் போகாதவர் கண்ணில் படாது.

வட இந்தியாவில் இன்னொரு சிக்கல். அங்கே பனியையும் வறட்சியையும் தாங்கி நின்றவை விரல் பருமனுள்ள ஒல்லிக் கரும்புகள். விளைச்சல் குறைவு. தெற்கின் தடித்த கரும்பைக் கொண்டுபோய் நட்டால் குளிரில் நின்று பிடிக்காது. கலப்பினம் உண்டாக்கலாம் என்றால் வடக்கின் குளிரில் கரும்பு விதை கட்டாது. பூப்பதற்குப் பகல் நீளமும் இரவு வெப்பமும் ஒத்துவர வேண்டும். கோயம்புத்தூர் பூமத்திய ரேகைக்கு 11 பாகை வடக்கே இருக்கிறது. அக்டோபர், நவம்பரில் அங்கே கரும்பு பூக்கும், மகரந்தம் உயிர்ப்போடு இருக்கும். 1912இல் கரும்பு இனவிருத்தி நிலையம் அங்கே அமைந்ததற்கு இதுவே காரணம். அதன் தலைவர் சார்லஸ் ஆல்பிரட் பார்பர், சென்னை மாகாண அரசின் தாவரவியலாளராக இருந்தவர்.

அவர் பெண்ணாக எடுத்துக்கொண்டது 'வெள்ளை' என்ற தடித்த இனிப்புக் கரும்பை. ஆணாக எடுத்துக்கொண்டது கோயம்புத்தூர் வட்டாரத்தில் தானாக முளைத்துக் கிடந்த நாணலை. சர்க்கரைக்காக ஒரு செடியை உருவாக்கப் போகிறவர் இனிப்பே இல்லாத களையின் மகரந்தத்தைத் தூவுவது பார்க்கிறவர்களுக்குக் கிறுக்குத்தனமாகத்தான் தோன்றியிருக்கும். அவர் அதனிடம் வேண்டியது இனிப்பை அல்ல. குளிர், வெள்ளம், வறட்சி எதற்கும் சாகாத உயிர்ப்பிடிப்பை. அந்தக் கலப்பில் பிறந்த கோ 205 என்ற ரகம் 1918இல் பஞ்சாபுக்குப் போனது. உள்ளூர்க் கரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விளைந்தது. காட்டு நாணலையும் கரும்பையும் கலந்து வணிகப் பயிராக வந்த முதல் கரும்பு என்று அதைச் சொல்கிறார்கள். ஜாவாவிலும் ஏறத்தாழ அதே காலத்தில், நாணல் ரத்தம் கலந்த கரும்பைக் கொண்டே செரே நோயை வென்றார்கள்.

பார்பருக்குப் பின் டி. எஸ். வெங்கட்ராமன் தலைமையேற்று, வடக்கின் ஒல்லிக் கரும்பையும் கலப்பில் சேர்த்தார். கோ 281, கோ 290 ஆகியவை அமெரிக்காவின் லூசியானா வரையிலும் தென்னாப்பிரிக்கா வரையிலும் பயிராயின. ஜாவாச் சர்க்கரையை இறக்குமதி செய்துகொண்டிருந்த இந்தியாவில் 1930களின் தொடக்கத்தில் முப்பது சொச்சமாக இருந்த ஆலைகள், சில ஆண்டுகளில் 130ஐத் தாண்டின. 1932இல் வந்த பாதுகாப்பு வரிக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் வரி போட்டால் மட்டும் வயலில் கரும்பு தடிக்காது.

வெள்ளையும் நாணலும் சேர்ந்தது எப்படி என்பதை உயிரணுவுக்குள் பார்த்தால் இன்னும் விசித்திரம். இனிப்புக் கரும்புக்கு 80 குரோமோசோம்கள். கோயம்புத்தூர் நாணலுக்கு 64. பிள்ளைக்கு இரண்டு பக்கமிருந்தும் பாதிப் பாதி வந்தால் 72 இருக்க வேண்டும். இருப்பதோ 112. தாய் தன் 80ஐயும் முழுதாகக் கொடுத்துவிட்டது. தகப்பன் மட்டும் முறைப்படி பாதியாக 32 கொடுத்தது. ஜாவாவில் பிரெமர் என்பவர் 1920களில் கண்டறிந்த இந்த விதிவிலக்குதான் கரும்பைக் காப்பாற்றியது. காட்டின் உறுதி வந்து சேர்ந்தபோதும் இனிப்பு பாதியாகக் கரைந்துவிடவில்லை. கலப்பினத்தைத் திரும்பவும் இனிப்புக் கரும்போடு சேர்க்கச் சேர்க்க நாணலின் பங்கு குறைந்தது. இன்றைய ரகங்களில் பத்தில் ஒன்று முதல் இரண்டு பங்கு வரை அது மிச்சமிருக்கிறது. இத்தனை கலப்புகளுக்குப் பிறகு கரும்பின் மரபணுத் தொகுதி மனிதனுடையதைப் போல மூன்று மடங்காகிவிட்டது. அதைப் படித்து முடிக்க 2024 வரை ஆயிற்று.

குரோமோசோம்களை எண்ணும் வேலைக்காக 1934இல் கோயம்புத்தூர் வந்தவர் இ. கே. ஜானகி அம்மாள். தலைச்சேரியில் 1897இல் பிறந்து, சென்னையில் படித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். கரும்பை மக்காச்சோளத்தோடும் சோளத்தோடும் தர்ப்பை இனத்துப் புல்லோடும்கூடக் கலந்து பார்த்தார். அந்தக் கலப்புகளில் எதுவும் வயலுக்கு வரவில்லை. புற்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கிய உறவு என்பதை அவை காட்டின. நாணலை அவர் ஊர் ஊராகத் தேடியதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரே இனம் என்று எல்லோரும் சொல்லும் அந்தப் புல்லில் குரோமோசோம் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறுகிறது. இன்றுவரை 40 முதல் 128 வரை எண்ணியிருக்கிறார்கள். இமயமலை அடிவாரத்து நாணலும் தமிழ்நாட்டு நாணலும் கண்ணுக்கு ஒன்று, உள்ளே வேறு வேறு. ஆகவே ஓர் இடத்து நாணலைச் சேகரித்து வைத்துவிட்டால் நாணல் கைவசம் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது. ஜானகி அம்மாள் பின்னர் லண்டன் சென்று, மரபியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து 1945இல் பயிர்ச்செடிகளின் குரோமோசோம் அட்டவணையை வெளியிட்டார். நேரு அழைத்து 1951இல் இந்தியா திரும்பி, தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார்.

அந்த நிறுவனத்தின் தென்மண்டல அலுவலகம் கோயம்புத்தூரில், கரும்பு நிறுவனத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற பழைய உலர்தாவரக் காப்பகம் அங்கேதான் இருக்கிறது. அழுத்தி உலர்த்திய செடி, தடித்த தாள், ஓரத்தில் ஒரு சீட்டு: எங்கே, எப்போது, யார் பறித்தது. இதைப் போலச் சலிப்பூட்டும் தொழில் இல்லை என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கலாம். ஆனால் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் கரும்புக்கும் 1771இல் நாணலுக்கும் ஒரே பேரினப் பெயரைச் சூட்டியது இப்படிப்பட்ட தாள்களை வைத்துக்கொண்டுதான். அவருக்குக் குரோமோசோம் தெரியாது, கலப்பினக் கரும்பைப் பற்றிய கனவும் கிடையாது. பூவின் அமைப்பை மட்டும் பார்த்து, இவை பங்காளிகள் என்று எழுதி வைத்தார். 140 ஆண்டு கழித்து மகரந்தத்தைக் கையில் எடுத்தவருக்கு எந்தப் புல்லிடம் போக வேண்டும் என்று தெரிந்திருந்தது.

வேலை முடிந்துவிடவில்லை. கோயம்புத்தூர்க் கரும்பு நிறுவனத்தின் கர்னால் மையம் உருவாக்கிய கோ 0238, 2009இல் வெளியானது. சர்க்கரையும் விளைச்சலும் சேர்ந்து கூடியதால் பத்தாண்டுக்குள் உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் அந்த ஒரே ரகம் பிடித்துக்கொண்டது. பிறகு செவ்வழுகல் நோய் வந்தது. தண்டைப் பிளந்தால் உள்ளே சிவந்து, நடுநடுவே வெள்ளைத் திட்டு, புளித்த வாடை. ஜாவாவின் கதை வேறு நோயோடு திரும்ப நடந்தது. இதில் உழவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆலை எடுக்கும் ரகத்தைத்தான் அவர்கள் நடுவார்கள். அதிக லாபம் தரும் ஒரே ரகத்தில் எல்லோரும் போய் நிற்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தவர்கள் பதில் சொல்ல வேண்டிய விஷயம் அது. எதிர்ப்புத்தன்மை தேடுகிறவர்கள் மறுபடியும் காட்டு உறவினர்களிடம்தான் போகிறார்கள்.

கரும்பின் சொந்தபந்தங்களுக்கான உலகத் தொகுப்புகள் இரண்டு. ஒன்று கேரளத்தின் கண்ணூரில், இன்னொன்று புளோரிடாவின் மயாமியில். இன்னொரு பக்கம், பனாமாக் கால்வாயின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் நாணல் புகுந்து, தீப்பற்றித் தீப்பற்றிப் பரவி, காடு திரும்ப முளைக்க விடாமல் செய்துகொண்டிருக்கிறது. அமெரிக்க மத்திய அரசின் கொடுங்களைப் பட்டியலிலும் அது இருக்கிறது. அனுமதி இல்லாமல் ஒரு துண்டைக்கூட அந்த நாட்டுக்குள் கொண்டுபோக முடியாது. மயாமித் தொகுப்பை நடத்துவது அதே அரசின் வேளாண் துறை. அங்கே நாணலுக்கு எண்ணிட்டுத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள்.